உச்சியிலிருந்து தொடங்கிய கல்வி: இந்தியாவில் மின்பொறியியல் முதுநிலைப் படிப்பின் வரலாறு

ஒரு துறையில் முதலில் தொழிற்பயிற்சியும், அதன் பின் பட்டப்படிப்பும், பட்டம் பெற்றோர் பெருகிய பிறகு அவர்களுக்கான மேற்படிப்பும் தோன்றுவதே உலகெங்கும் காணப்படும் வழக்கம். இந்தியாவில் மின்பொறியியல் இந்த வரிசையைப் பின்பற்றவில்லை. 1911-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, அங்கிருந்த துறைகளுள் ஒன்று மின் தொழில்நுட்பம். பட்டம் பெற்றோரை மேலும் பயிற்றுவித்து ஆய்வில் ஈடுபடுத்துவதற்கென்றே அக்கழகம் நிறுவப்பட்டிருந்தது. ஆனால் பம்பாயின் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் போன்ற சில இடங்களில் பட்டய அளவிலான பயிற்சி இருந்ததைத் தவிர, மின்பொறியியலைப் பல்கலைக்கழகப் பட்டமாகக் கற்பிக்கும் கல்லூரி அப்போது இந்த நாட்டில் வேரூன்றியிருக்கவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி 1919-இல்தான் தொடங்கியது; சென்னை கிண்டியில் மின்பொறியியல் பாடப்பிரிவு 1930-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அடித்தளம் இடப்படுவதற்கு முன்பே மேல்தளம் எழுந்துவிட்ட இந்த நிலைமை, அந்த மேற்படிப்பு யாருக்காக, எந்தப் பணிக்காக என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே எழுப்பியது. அடுத்த நூறாண்டுகளில் அமைக்கப்பட்ட பல குழுக்களும் அதே கேள்விக்கே திரும்ப வந்தன.

மேலை நாடுகளிலும் இத்துறை அப்போது இளமையானதே. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எராஸ்மஸ் கிட்லர் மின்பொறியியலுக்கென அமைந்த பேராசிரியர் இருக்கையில் அமர்ந்ததும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இயற்பியல் துறைக்குள் மின்பொறியியல் பாடத்திட்டத்தைத் தொடங்கியதும் 1882-இல். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆம்புரோஸ் பிளெமிங் மின்பொறியியல் பேராசிரியரானது 1885-இல். இவர்களுக்கும் முன்னதாக, 1873-இல், டோக்கியோவின் பொறியியல் கல்லூரியில் தந்தித் துறைப் பாடங்களைக் கற்பிக்கச் சென்றவர் வில்லியம் அயர்ட்டன். அவர் அதற்கு முன் சில ஆண்டுகள் இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது. இந்தியக் கம்பிகளில் பெற்ற அனுபவம் ஜப்பானியக் கல்விக்கு உதவியபோது, அந்தக் கம்பிகள் ஓடிய நாட்டில் அதனைப் பாடமாக்கும் எண்ணம் ஆட்சியாளர்களுக்கு எழவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தவர்கள் தந்தி அலுவலர்களே.

மேற்படிப்பு என்ற ஒன்று இத்துறைக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மாறுதிசை மின்னோட்டமே முதன்மைக் காரணம். ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்னோட்டத்தைக் கையாள எளிய கூட்டல் கழித்தலும் பட்டறை அனுபவமும் போதும். ஆனால் ஒரு நொடியில் பலமுறை திசை மாறும் மின்னோட்டத்தில், மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டாமல் ஒன்றுக்கொன்று முந்தியும் பிந்தியும் செல்வதால், அளவுடன் அந்த இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. 1893-இல் சிகாகோவில் நடந்த பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் இந்தக் கணக்கைச் சிக்கலெண்கள் எனப்படும் கலப்பெண்களைக் கொண்டு சுருக்கமாகச் செய்யும் முறையை முன்வைத்த பிறகு, கணிதம் அறியாத மின்பொறியாளர் பெரிய மின்னமைப்பு எதையும் வடிவமைக்க இயலாத காலம் பிறந்தது. ஆயினும் பொறியாளருக்கு ஆய்வுப் பட்டம் தகுமா என்ற ஐயம் பழைய பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் நீடித்தது. ஜெர்மனியின் தொழில்நுட்ப உயர்கல்விக் கூடங்கள் பொறியியலில் முனைவர் பட்டம் வழங்கும் உரிமையை 1899-இல்தான் பெற்றன.

பெங்களூரில் இத்துறை இடம்பெற்றதற்குக் காவிரியும் ஒரு காரணம். மைசூர் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயர் ஆதரித்து வளர்த்த திட்டத்தின்படி, பொறியாளர் டி லாட்பினியேர் முன்னின்று அமைத்த சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902 ஜூனில் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு, 30,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் மின்சாரம் சென்றது. ஒரே அளவு மின்திறனை அழுத்தத்தைக் கூட்டி அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் குறையும். கம்பி சூடாவதால் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டம் பாதியானால் இழப்பு நான்கில் ஒரு பங்காகும். நெடுந்தொலைவு மின்தொடர்கள் உயர் அழுத்தத்தை நாடுவதற்கு இதுவே காரணம். உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்றாக அக்காலத்தில் விளங்கிய அந்தக் கம்பி, வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் இறங்கி உழைத்த சுரங்கங்களுக்கு ஆற்றல் தந்தது. 1905-இல் பெங்களூரின் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. சேஷாத்ரி ஐயர் 1901-இலேயே காலமாகிவிட்டதால் இவற்றுள் எதையும் காணவில்லை.

ஜாம்ஷெட்ஜி டாடா கனவு கண்ட ஆய்வுப் பல்கலைக்கழகத்திற்கு இடம் தேடி வந்த வேதியியலாளர் வில்லியம் ராம்சே பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் அளித்தது. 1909 மே மாதம் அரசாணை வெளியாகி, மாரிஸ் டிராவர்ஸ் இயக்குநராகப் பொறுப்பேற்ற நிலையில் இந்திய அறிவியல் கழகம் உருப்பெற்றது. மின் தொழில்நுட்பத் துறையின் முதல் பேராசிரியர் ஆல்பிரட் ஹே, மாறுதிசை மின்னோட்டம் பற்றி நூல்கள் எழுதியவர். அவரிடம் வந்து சேர்ந்த மாணவர்களோ பெரும்பாலும் இயற்பியலோ கணிதமோ படித்தவர்கள். மின்னாக்கியையும் மின்மாற்றியையும் கையால் தொட்டறியாதவர்கள். ஆகவே வேதியியல் துறைகள் முதல் நாளிலிருந்தே ஆய்வில் இறங்க முடிந்தபோது, மின் தொழில்நுட்பத் துறை பாடமும் பட்டறையும் அளவீட்டுப் பயிற்சியும் தரும் இடமாகவே நெடுநாள் இயங்க நேர்ந்தது. இதைக் குறையெனச் சொல்வது முறையாகாது. நாட்டில் வேறெவரும் இடாத அடிக்கல்லை, மேல்தளத்தில் நின்றுகொண்டே அத்துறை இட்டது. கழகத்திற்குப் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. ஆய்வை முடித்தவருக்கு ‘அசோசியேட்’ என்ற தகுதியும், குறிப்பிட்ட படிப்பை முடித்தவருக்குப் பட்டயமும் வழங்கப்பட்டன. 1958-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக, அதாவது பல்கலைக்கழகத்திற்கு ஒப்பான உரிமைகள் உடைய நிறுவனமாக, அறிவிக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது.

கல்கத்தாவில் மேற்படிப்பு வேறொரு வாயிலின் வழியே நுழைந்தது. 1890-களின் நடுவில் மில்லிமீட்டர் அளவிலான மின்காந்த அலைகளைக் கொண்டு ஜகதீஷ் சந்திர போஸ் நிகழ்த்திய சோதனைகளுக்கு நேரடித் தொடர்ச்சி உடனே அமையவில்லை. எனினும் அந்நகரில் சிசிர் குமார் மித்ரா இயற்பியல் முதுகலைப் பாடத்தினுள் கம்பியில்லாத் தந்தியைக் கொண்டுவந்து, வளிமண்டலத்தின் மேலடுக்குகள் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் விதத்தை ஆராய்ந்து, 1947-இல் ‘மேல் வளிமண்டலம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் வானொலி இயற்பியல் மற்றும் மின்னணுவியல் நிறுவனம் அவர் முயற்சியால் 1949-இல் தனி உருவம் பெற்றது. பட்டறை வழியே வளர்ந்த பெங்களூரும் இயற்பியல் வழியே வளர்ந்த கல்கத்தாவும் இத்துறைக்கு இரு தாய்வீடுகள் என்று கொள்வதே பொருத்தம்.

சென்னை மாகாணத்தில் மின்வாரியங்களுக்கு முன்னோடியான அரசு மின்துறை 1927-இல் அமைந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் அணையின் மின்நிலையம் 1937-இலும் இயங்கத் தொடங்கின. பைக்காராவின் மின்சாரம் கோயம்புத்தூரின் நூற்பாலைகளை வளர்த்த வரலாறு பலரும் அறிந்தது. அதே மின்சாரம் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு மின்பொறியியல் மாணவர்களைக் கொண்டுவந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே மின்பொறியியல் பேராசிரியராக இருந்த பப்பு சுப்பாராவின் மகள் அய்யலசோமயாஜுல லலிதா, பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தவர். 1940-இல் அக்கல்லூரியில் சேர்ந்து மின்பொறியியல் படித்து முடித்து, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். அவர் சேர்ந்த காலத்தில் பெண் என்ற ஒருவர் அக்கல்லூரியின் கணக்கிலேயே இல்லை. படித்த பின் சிம்லாவிலும் பிறகு கல்கத்தாவிலும் அவர் பணியாற்றினார். அந்தத் தலைமுறையில் கிண்டியில் பட்டம் பெற்றவர்களுள் மேலும் படிக்க விரும்பியவர்களுக்குப் பெங்களூரும் அயல்நாடும் தவிர வேறு வழிகள் அரிதாகவே இருந்தன.

இரண்டாம் உலகப்போர் கம்பியில்லாத் தொடர்புக்கும் ரேடாருக்கும் திடீரென்று ஆட்களைக் கேட்டது. போர் முடிந்ததும், 1946-இல், இந்திய அறிவியல் கழகத்தில் மின் தொடர்பியல் துறை தனியே பிரிந்து நிலைபெற்றது. அத்துறையில் நுண்ணலை ஆய்வைத் தொடங்கி வளர்த்தவர்களுள் ராஜேஸ்வரி சாட்டர்ஜி முதன்மையானவர். கணிதத்தில் முதுகலை முடித்து, அரசு உதவித்தொகையுடன் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்று, 1953-இல் திரும்பிவந்து, கழகத்தின் பொறியியல் ஆசிரியர்களுள் முதல் பெண்ணாக அவர் அமர்ந்தார். நுண்ணலை என்பது ஒரு மீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட அலைநீளமுள்ள மின்காந்த அலை. ரேடாரும் செயற்கைக்கோள் தொடர்பும் அதனைச் சார்ந்தவை. அவரும் அவர் கணவர் சிசிர் குமார் சாட்டர்ஜியும் பயிற்றுவித்த மாணவர்கள் பாதுகாப்பு ஆய்வகங்களுக்கும் பெங்களூரின் புதிய மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர்.

சென்னையிலும் அதே காலத்தில் துணிவான முயற்சி ஒன்று நடந்தது. தொழிலதிபர் சி. ராஜம் தம் மாளிகையை விற்றுப் பெற்ற பணத்தைக் கொண்டு 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகம், மின்னணுவியல், கருவியியல், வானூர்தியியல், தானியங்கி ஊர்தியியல் ஆகிய புதிய துறைகளை, பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பித்தது. பெங்களூரிலும் அறிவியல் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் பொறியியல் படிப்பு நெடுங்காலம் இருந்தது. ஒரு பட்டத்தின் மேல் இன்னொரு பட்டமாக அமைந்த இந்த முறை, பெயரளவில் முதுநிலை அன்று என்றாலும், அறிவியலின் அடிப்படைகளில் தேறியவர்களைப் பொறியியலுக்குக் கொண்டுவந்ததால், பிற்காலத்தில் பல்கிய பல முதுநிலைப் படிப்புகளைவிட ஆழமான பொறியாளர்களை உருவாக்கியது. அதைக் கைவிட்டது இந்தியப் பொறியியல் கல்விக்கு இழப்பே.

விடுதலைக்குப் பின் பெரும் அணைகளும் நெடும் மின்தொடர்களும் எழுந்தபோது, மின்னல் ஒரு பொறியியல் சிக்கலாயிற்று. மின்தொடர் ஒன்றின் மீது மின்னல் பாயும்போது சில மைக்ரோ நொடிகளுக்குள், அதாவது நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்குக்குள், கம்பியின் அழுத்தம் பல இலட்சம் வோல்ட்டுக்கு எகிறும். கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் மின்காப்பான் அதைப் பொறுக்காவிட்டால் பொறி பாய்ந்து ஊரே இருளும். இதைச் சோதிக்க ஆய்வகத்தில் செயற்கை மின்னல் தேவை. எர்வின் மார்க்ஸ் என்ற ஜெர்மானியர் 1920-களில் வகுத்த முறைப்படி, மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் மின்தேக்கிகள் பலவற்றைப் பக்க இணைப்பில் ஒரே அழுத்தத்திற்கு ஏற்றி, பின் இடைவெளிகளில் பொறி பாயச் செய்து அனைத்தையும் தொடர் இணைப்பாக மாற்றினால், ஒவ்வொன்றின் அழுத்தமும் கூடிப் பேரழுத்தத் துடிப்பு கிடைக்கும். இத்தகைய உயர் மின்னழுத்த ஆய்வகத்தைப் பெங்களூர்க் கழகம் அமைத்ததும், மின்திறன் பொறியியலைத் தனித் துறையாக வளர்த்ததும் முதுநிலை மாணவரின் பணியையே மாற்றின. மின்தொடரில் பழுதான காப்பானை ஆய்வகத்தில் சோதித்து, முடிவை மின்துறைப் பொறியாளரிடம் சொல்லி, அடுத்த மின்தொடரில் அது திருத்தப்படுவதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. நடுவண் மின்திறன் ஆய்வு நிறுவனம் 1960-இல் பெங்களூரிலேயே அமைந்தது தற்செயலானதன்று.

பெங்களூர்க் கழகத்தின் மின் தொழில்நுட்பப் பேராசிரியராக வந்து, 1949 முதல் 1955 வரை இயக்குநராகவும் இருந்தவர் எம். எஸ். தாக்கர்; கல்கத்தா மின்விநியோக நிறுவனத்தில் நெடுநாள் பணியாற்றிய அவர் மின்நிலையத்தின் இரைச்சலை அறிந்த கல்வியாளர். நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையிலான குழு உயர் தொழில்நுட்பக் கழகங்களைப் பரிந்துரைத்து, 1951-இல் கரக்பூரிலும், 1959-இல் ஜெர்மானிய உதவியுடன் சென்னையிலும், வேறு நகரங்களிலுமாக இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் தோன்றிய காலத்தில், முதுநிலைப் பொறியியல் கல்வியை ஆராய அரசு அமைத்த குழுவின் தலைவரும் தாக்கரே. 1961-இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, பட்டம் பெற்றபின் தனித்துறைப் பயிற்சி தரும் முதுநிலைப் படிப்பைத் தொழிலும் கல்லூரியும் ஆய்வகமும் ஒருசேரக் கேட்கின்றன என்ற எண்ணத்தின் மீது எழுந்தது. நடைமுறையில் கல்லூரிகளே அதிகம் கேட்டன. புதிய பொறியியல் கல்லூரிகள் விரைந்து பெருகியதால் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியரானார். 1970-களின் தொடக்கத்தில் கல்லூரி ஆசிரியர்களையே உயர் கழகங்களுக்கு அனுப்பி முதுநிலையும் முனைவர் பட்டமும் பெறச் செய்யும் தர மேம்பாட்டுத் திட்டம் வந்தது. நாட்டின் பொறியியல் ஆசிரியர் தலைமுறை ஒன்றைச் செப்பனிட்டது அத்திட்டமே.

மின்பொறியியல் முதுநிலை ஆய்வு எவ்வளவு தொலைவு செல்ல இயலும் என்பதை 1937-இல் கிளாட் ஷானன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுதிய முதுநிலை ஆய்வேடு உலகுக்குக் காட்டியிருந்தது. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலே சுவிட்சுகளின் திறப்பும் மூடலும் தர்க்கத்தின் உண்மை, பொய் என்ற இரு மதிப்புகளுக்கு ஒப்பாகும் என்று நிறுவிய அந்த ஆய்வேடு, எண்ணியல் கணினியின் வடிவமைப்புக்கு அடித்தளமானது. இந்தியாவிலும் கணினிக் கல்வி மின்பொறியியலின் மடியிலேயே பிறந்தது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், பெங்களூரில் பட்டய மாணவராக இருந்தபோது ஒப்புமைக் கணினி ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டு, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் மின்பொறியியல் துறையில் சேர்ந்தார். 1963-இல் அங்கு வந்த ஐபிஎம் 1620 கணினியைச் சுற்றி அவரும் உடன் பணியாற்றியோரும் வளர்த்த முதுநிலைப் பாடப்பிரிவே நாட்டின் கணினி அறிவியல் கல்விக்குத் தொடக்கம்.

தேவையும் படிப்பும் சந்தித்த இன்னொரு தருணம் தில்லியில் நேர்ந்தது. பொள்ளாச்சியில் பிறந்த கடற்படை அதிகாரி ஆரோக்கியசாமி பால்ராஜ், 1969-இல் தில்லி தொழில்நுட்பக் கழகத்திற்கு முதுநிலைப் படிப்பிற்காகக் கடற்படையால் அனுப்பப்பட்டு, பேராசிரியர் பி. வி. இந்திரேசனின் வழிகாட்டலில் முனைவர் ஆய்வுக்கு மாறினார். 1971 டிசம்பரில் ஐஎன்எஸ் குக்ரி என்ற போர்க்கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. நீருக்குள் ஒலியைச் செலுத்தி எதிரொலியால் பகையை அறியும் சோனார் கருவியைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு அந்த மாணவரிடம் வந்தது. இரைச்சலுக்குள் புதைந்த குறிப்பைப் பிரித்தெடுக்கும் கணிதத்தையே ஆய்ந்துகொண்டிருந்த அவர் அதனைச் செய்து முடித்து, பின்னர் கொச்சியில் 1983-இல் நிறைவுற்ற அப்சோ என்ற உள்நாட்டுச் சோனாரின் உருவாக்கத்திற்குத் தலைமை ஏற்றார். பிற்காலத்தில் ஸ்டான்போர்டில் அவர் முன்வைத்த பல்லலைவாங்கித் தொடர்பு முறை இன்றைய வைஃபைக்கும் நான்காம் தலைமுறைக் கைப்பேசிக்கும் அடிப்படையாகி, 2014-இல் மார்க்கோனி பரிசைப் பெற்றுத் தந்தது.

இந்தச் சந்திப்புகள் பொதுவிதியாகவில்லை. 1970-களின் இறுதியில் தோல் அறிவியலாளர் ஒய். நாயுடம்மா தலைமையில் முதுநிலைக் கல்வியை மீண்டும் ஆராய்ந்த குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1980-களின் தொடக்கத்தில் கேட் எனப்படும் அனைத்திந்தியத் தகுதித் தேர்வு வந்தது. தேர்வில் தேறியவருக்கு மாத உதவித்தொகையும் கிடைத்தது. சேர்க்கையில் ஒழுங்கு வந்தது உண்மை. ஆனால் வேலை கிடைக்கும்வரை, அல்லது அயல்நாட்டு விசா வரும்வரை, தங்கிச் செல்லும் இடமாக எம்.டெக். படிப்பைக் கருதியோர் பெருகினர். 1990-களில் மென்பொருள் நிறுவனங்கள் மின்திறன் படித்தவர்களையும் அள்ளிச் சென்றன. அந்தப் பத்தாண்டிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, செம்புக் கம்பி இழுக்கும் செலவின்றி வீடுகளுக்குத் தொலைபேசி தரும் கார்டெக்ட் என்ற கம்பியில்லா அமைப்பை உருவாக்கியது. மாணவர்கள் ஊர்ப்புறத்தின் தேவையைக் கணக்கில் கொண்டு சுற்றுகளை வடிவமைத்தனர்.

இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர்வரை, 800 கிலோவோல்ட் நேர்திசை மின்தொடர் 6,000 மெகாவாட் திறனுடன் அமைந்திருக்கிறது. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் மாற்றும் அந்த நிலையங்களின் இயக்கவியலும், முப்பந்தலின் காற்றாலைகள் காற்றுக்கேற்ப ஏறி இறங்குவதால் மின்கட்டமைப்பில் உண்டாகும் அசைவும், முதுநிலைப் படிப்பு இல்லாமல் கையாள முடியாதவை. கடற்படை தன் அதிகாரியைச் சம்பளத்துடன் தில்லிக்கு அனுப்பியதுபோல, மின்வாரியங்கள் தம் இளம் பொறியாளர்களைத் தம் சொந்தச் சிக்கல்களுடன் கிண்டிக்கும் பெங்களூருக்கும் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும்; படித்துத் திரும்பியவரை விண்ணப்பங்கள் சரிபார்க்கும் மேசையில் அமர்த்தாமல், அவர் ஆராய்ந்த துணைமின் நிலையத்திலேயே பொறுப்பில் வைக்க வேண்டும்.